பங்கின் பழைய விலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 அக்டோபர் தொடக்கத்தில் ரிலையன்ஸ் பங்கை 2,800 ரூபாய் சுமாருக்கு வாங்கினேன். கான்ட்ராக்ட் நோட் (புரோக்கர் தந்த வர்த்தக ரசீது) கையில் இருக்கிறது. சார்ட்டில் அதே நாளைப் பார்த்தால் 1,400 என்கிறது. எது பொய்?

இரண்டுமே பொய் இல்லை. 2024 அக்டோபர் 28-ஐ ரெக்கார்ட் தேதியாக (யார் பங்குதாரர் என்று கணக்கெடுக்கும் நாள்) வைத்து ரிலையன்ஸ் 1:1 போனஸ், அதாவது ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசமாகக் கொடுத்தது. ஒரு பங்கு இரண்டானது, விலை பாதியானது. சார்ட் வரைகிறவர்கள் அந்த நாளில் 50 சதவீதப் பள்ளம் தெரியக்கூடாது என்பதற்காக, அதற்கு முந்தைய எல்லா விலைகளையும் பாதியாக்கி விடுவார்கள். கான்ட்ராக்ட் நோட்டில் இருப்பது அன்று கைமாறிய விலை. சார்ட்டில் இருப்பது இன்றைய ஒரு பங்குக்குச் சமமாக மாற்றிய விலை.

பழைய விலையை வைத்துச் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் தொடங்குகின்றன. அடுத்த 1:1 போனஸ் வந்தால் அந்த 1,400-ம் 700 ஆகும். எனவே சார்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, இரண்டு வருடம் கழித்து ஒப்பிட்டால் பொருந்தவில்லையே என்று திகைக்க வேண்டாம்.

அப்படியானால் ஒரே நாளுக்கு எத்தனை விலை உண்டு?

மூன்று.

முதலாவது, சந்தையில் நடந்த அசல் விலை. என்எஸ்இ, பிஎஸ்இ பங்குச்சந்தைத் தளங்களின் பழைய தரவுப் பக்கங்களிலும் தினசரி பாவ்காப்பியிலும் (அன்றைய எல்லாப் பங்கு விலைகளும் அடங்கிய கோப்பு) இருப்பது இதுதான். யாரும் பிறகு கை வைப்பதில்லை.

இரண்டாவது, போனஸ், ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பல பங்காகப் பிரிப்பது) சரிக்கட்டிய விலை. புரோக்கர் ஆப்களின் சார்ட்டுகள் பெரும்பாலும் இந்த வகை.

மூன்றாவது, டிவிடெண்டையும் (நிறுவனம் பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) சேர்த்துச் சரிக்கட்டிய விலை. யாஹூ ஃபைனான்ஸில் ‘அட்ஜஸ்டட் க்ளோஸ்’ என்ற தலைப்பில் வருவது. அதே தளத்தில் வெறும் ‘க்ளோஸ்’ என்று இருப்பது அசல் விலை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது ஏற்கெனவே ஸ்பிளிட் சரிக்கட்டியது, அதாவது இரண்டாவது வகை.

எந்த வேலைக்கு எந்த விலை?

வருமான வரிக் கணக்கு, கான்ட்ராக்ட் நோட் சரிபார்ப்பு, குடும்பச் சொத்துப் பிரிவினைக்கு ஒரு குறிப்பிட்ட தேதியின் மதிப்பு: இவற்றுக்கு அசல் விலையும் அன்று கையிலிருந்த பங்கு எண்ணிக்கையும். சார்ட் பார்ப்பதற்கும் ஏற்ற இறக்கம் அளப்பதற்கும் இரண்டாவது. ‘பத்து வருடத்தில் பணம் எவ்வளவு பெருகியது, எஃப்.டி.யில் போட்டிருந்தால் எவ்வளவு’ என்ற கேள்விக்கு மூன்றாவது.

சரிக்கட்டும் கணக்கை நானே போட முடியுமா?

முடியும், பெருக்கல் தெரிந்தால் போதும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு காரணி எண் உண்டு. நிகழ்வுக்கு முந்தைய விலைகளை எல்லாம் அதால் பெருக்க வேண்டும்.

ஸ்பிளிட்: புதிய முகமதிப்பு ÷ பழைய முகமதிப்பு. முகமதிப்பு என்பது நிறுவனம் பங்குக்குக் குறித்த மதிப்பு, சந்தை விலை அல்ல. 10 ரூபாய் பங்கு 2 ரூபாய் ஆனால் காரணி 0.2.

போனஸ்: பழைய பங்கு ÷ (பழைய பங்கு + போனஸ் பங்கு). 1:1 என்றால் 0.5. ஒன்றுக்கு மூன்று என்றால் 1 ÷ 4 = 0.25. இரண்டுக்கு ஒன்று என்றால் 2 ÷ 3 = 0.667. விகிதத்தை வாசிப்பதில் கவனம் தேவை. இந்திய அறிவிப்புகளில் முதலில் வருவது புதிதாகக் கிடைக்கும் பங்கு. ‘3:1 போனஸ்’ என்றால் கையில் ஒன்று இருந்தால் மூன்று வரும், மொத்தம் நான்கு.

இன்ஃபோசிஸை எடுத்துக்கொள்வோம். 1993-ல் பங்கு ஒன்று 95 ரூபாய்க்குப் பொது வெளியீட்டுக்கு வந்தது. பிறகு 1994, 1997, 1999-ல் தலா 1:1 போனஸ். 2000-ல் 10 ரூபாய் முகமதிப்பு 5 ஆனது. 2004-ல் 3:1. 2006, 2014, 2015, 2018-ல் மறுபடி தலா 1:1. பங்கு எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே போனால் 2 × 2 × 2 × 2 × 4 × 2 × 2 × 2 × 2 = 1,024. அன்று 100 பங்கு ஒதுக்கீடு பெற்று, விற்காமல் இருந்தவரிடம் 1,02,400 பங்கு இருக்கும். 95 ரூபாயை 1,024-ஆல் வகுத்தால் 9 பைசாவும் கொஞ்சமும். சரிக்கட்டிய சார்ட்டின் இடது ஓரத்தில் விலைக்கோடு தரையோடு ஒட்டிக் கிடப்பது இதனால்தான்.

இன்றைய விலை 1,500 என்று வைத்துக்கொண்டு அசல் விலையோடு நேரடியாக ஒப்பிட்டால் 95 எங்கே, 1,500 எங்கே, 16 மடங்கு என்று தோன்றும். உண்மையில் டிவிடெண்டைச் சேர்க்காமலே 16,000 மடங்குக்கு மேல்.

ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: விலையைக் காரணியால் பெருக்கினால், வால்யூமை (கைமாறிய பங்கு எண்ணிக்கை) அதே காரணியால் வகுக்க வேண்டும். இல்லையென்றால் போனஸுக்குப் பிறகு வர்த்தகம் திடீரென்று இரட்டிப்பானது போல ஒரு மாயை தெரியும்.

டிவிடெண்டையும் கழிக்க வேண்டுமா? அது சில்லறைதானே?

எல்லாப் பங்கிலும் சில்லறை இல்லை. கோல் இந்தியா 2010-ல் 245 ரூபாய்க்கு வெளியீட்டுக்கு வந்தது. பத்து வருடம் கழித்து, 2020-ல், வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே போனது. விலையை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் நஷ்டம். ஆனால் இடையில் வந்த டிவிடெண்டுகள்? 2014 ஜனவரியில் அறிவித்த ஓர் இடைக்கால டிவிடெண்ட் மட்டுமே பங்குக்கு 29 ரூபாய். அரசு நிறுவனங்கள், சிகரெட், ஐடி போன்றவற்றில் டிவிடெண்டை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது, வாடகையை மறந்துவிட்டு வீட்டின் லாபம் பேசுவது மாதிரி.

காரணி இப்படி: 1 − (டிவிடெண்ட் ÷ எக்ஸ்-தேதிக்கு முந்தைய நாளின் க்ளோசிங்). எக்ஸ்-தேதி என்பது, அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது என்ற நாள். 200 ரூபாய் பங்கு 8 ரூபாய் கொடுத்தால் 1 − 0.04 = 0.96. முந்தைய விலைகள் எல்லாவற்றையும் 0.96-ஆல் பெருக்க வேண்டும். இந்த முறை, வந்த டிவிடெண்டை அன்றே அதே பங்கில் மறுமுதலீடு செய்ததாகவும், வரி எதுவும் போகவில்லை என்றும் வைத்துக்கொள்கிறது. உங்கள் கைக்கு வந்தது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

குறியீட்டுடன் ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை. செய்தியில் சொல்லும் நிஃப்டி 50 (என்எஸ்இயின் 50 பெரிய பங்குகளின் குறியீடு) டிவிடெண்ட் சேராதது. டிவிடெண்ட் சேர்ந்ததற்கு ‘டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ்’ என்று தனியாக இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுகள் 2018 பிப்ரவரியிலிருந்து அதனுடன்தான் தங்களை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்தது. உங்கள் பங்குக்கு டிவிடெண்ட் சேர்த்துவிட்டு வெறும் நிஃப்டியோடு ஒப்பிட்டு ‘சந்தையை ஜெயித்துவிட்டேன்’ என்பது ஏமாற்று, அதுவும் தன்னைத்தானே.

உரிமைப் பங்கு, டீமெர்ஜர் வந்தால்?

உரிமைப் பங்கு என்பது இருக்கும் பங்குதாரருக்குச் சந்தையைவிடக் குறைந்த விலையில் புதுப் பங்கு தருவது. அதில் முதலில் கலந்த விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். சந்தை விலை 150, நான்கு பங்குக்கு ஒன்று வீதம் 100 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்றால்: (4 × 150 + 100) ÷ 5 = 140. காரணி 140 ÷ 150 = 0.933. சில தளங்கள் இதைச் செய்வதே இல்லை. இரண்டு தளங்களின் பழைய விலை ஒரு சில சதவீதம் விலகி நின்றால், நடுவில் உரிமைப் பங்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டீமெர்ஜர், அதாவது நிறுவனத்தின் ஒரு தொழில் தனி நிறுவனமாகப் பிரிவதுதான் சிக்கலானது. 2023 ஜூலை 19 அன்று ரிலையன்ஸ் என்எஸ்இயில் 2,841.85-ல் முடிந்தது. மறுநாள் ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தது. அதற்கென நடந்த சிறப்பு முன்-சந்தை ஏலத்தில் ரிலையன்ஸின் விலை 2,580 என்று நிலைத்தது. வித்தியாசம் 261.85, அதுதான் ஜியோவின் தொடக்க மதிப்பு. சார்ட்காரர்களுக்கான காரணி 2,580 ÷ 2,841.85, சுமாராக 0.908.

ஆனால் வரிக்கு இந்த விகிதம் செல்லாது. வாங்கிய விலையை ரிலையன்ஸுக்கு 95.32 சதவீதம், ஜியோவுக்கு 4.68 சதவீதம் என்று பிரிக்க வேண்டும் என நிறுவனமே அறிவித்தது. காரணம், வரிச் சட்டம் சந்தை மதிப்பைப் பார்ப்பதில்லை, பிரிந்துபோன தொழிலின் நிகரப் புத்தக மதிப்பைப் பார்க்கிறது. 2,000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு வரிக் கணக்கில் ரிலையன்ஸ் 1,906.40, ஜியோ 93.60. சார்ட்டைப் பார்த்து 1,816 என்று போட்டால் ரிலையன்ஸ் விற்கும்போது இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள்.

2025 அக்டோபரில் டாடா மோட்டார்ஸ் பிரிந்த அன்று, ஆப்பைத் திறந்தவர்கள் திரையில் 40 சதவீதம் சுமாருக்குச் சரிவைப் பார்த்து அதிர்ந்ததும் இதே கதைதான். வணிக வாகனத் தொழில் தனியே போனதால் விலை இறங்கியதே தவிர, யாருடைய பணமும் அன்று காணாமல் போகவில்லை.

பைபேக்குக்கு (நிறுவனம் தன் பங்கைத் தானே திரும்ப வாங்குவது) சரிக்கட்ட வேண்டுமா?

வேண்டாம்.

க்ளோசிங் விலையும் கடைசியாக நடந்த விலையும் ஏன் வேறு வேறு?

நம் சந்தையின் பழைய தரவில் க்ளோசிங் என்பது 3.30 மணிக்கு நடந்த கடைசி வர்த்தகத்தின் விலை அல்ல. 3.00 முதல் 3.30 வரை நடந்த எல்லா வர்த்தகங்களின், எண்ணிக்கையைக் கணக்கில் கொண்ட சராசரி. கடைசி நொடியில் ஒருவர் பத்துப் பங்கை ஏறுக்கு மாறான விலைக்கு வாங்கி நாளின் முடிவையே மாற்றிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. பாவ்காப்பியில் ‘க்ளோஸ்’, ‘லாஸ்ட்’ என்று இரண்டு நெடுவரிசை இருக்கும். கணக்குக்கு ‘க்ளோஸ்’ எடுங்கள்.

என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டிலும் தனித்தனியாக வர்த்தகம் நடப்பதால் க்ளோசிங்கும் சில பைசாவோ சில ரூபாயோ வேறுபடும். ஒரே ஆய்வில் பாதி நாளுக்கு ஒன்று, மீதி நாளுக்கு இன்னொன்று என்று கலக்காதீர்கள்.

நாளின் உச்சம், தாழ்வு இரண்டையும் எவ்வளவு நம்பலாம்?

க்ளோசிங்கை நம்பும் அளவுக்கு இல்லை. அந்த விலையில் ஒரே ஒரு பங்கு கைமாறியிருந்தாலும் அது உச்சம்தான். 2012 அக்டோபர் 5 அன்று ஒரு புரோக்கர் நிறுவனத்திலிருந்து சுமார் 650 கோடி ரூபாய்க்குத் தவறான ஆர்டர்கள் போயின. நிஃப்டி சில நொடிகளில் 900 புள்ளிக்கு மேல் விழுந்து 4,888-ஐத் தொட்டு எழுந்தது. அந்தத் தாழ்வு இன்றும் தரவில் இருக்கிறது. ‘இந்த விலைக்கு வந்தால் வாங்கு’ என்ற விதியைப் பழைய தரவில் சோதிக்கும் ஒருவரின் கணக்கில், அந்த நொடிகளில் அவர் வயிறு முட்ட வாங்கியதாகப் பதிவாகும். நிஜத்தில் பெரும்பாலோருக்குக் கை எட்டியிருக்காது.

சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை ஏற, இறங்க விதித்த வரம்பு) பூட்டிக்கிடந்த சிறு பங்குகளும் இதே ரகம். தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு நான்கும் ஒரே எண்ணாக இருந்து வால்யூமும் அற்பமாக இருந்தால், அந்த விலையில் வாங்கவோ விற்கவோ ஆள் வரிசையில் காத்துக்கிடந்தார்கள் என்று அர்த்தம். அப்படி இருபது நாள் தொடர்ந்து ஏறிய பங்கில் ‘முதல் நாளே வாங்கியிருந்தால்’ என்று கணக்குப் போடுவதில் பயன் இல்லை. வாங்கியிருக்க முடியாது.

தரவை எங்கிருந்து, எப்படி எடுப்பது?

பிஎஸ்இ தளத்தில் பழைய விலைப் பக்கம் இருக்கிறது. பங்கின் ஆறு இலக்க எண்ணைப் போட வேண்டும், ரிலையன்ஸ் என்றால் 500325, இன்ஃபோசிஸ் என்றால் 500209. நாள், மாதம், ஆண்டு மூன்று வகையிலும் கொடுக்கும். பழைய வருடங்களுக்கு இதுவே வசதி. என்எஸ்இ தளத்தில் பங்கின் சுருக்கப்பெயரைத் தேடி, ‘ஹிஸ்டாரிக்கல் டேட்டா’வில் தேதிகளைக் கொடுக்க வேண்டும். நீண்ட காலத்துக்குத் துண்டு துண்டாக இறக்கி ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டும் இடத்தில் ஒரே தேதி இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பாருங்கள். என்எஸ்இயின் தரவு 1994 நவம்பருக்கு முன்னால் கிடையாது, அந்தச் சந்தையில் பங்கு வர்த்தகமே அப்போதுதான் தொடங்கியது.

எல்லாப் பங்குக்கும் சேர்த்து வேண்டும் என்றால் பாவ்காப்பி, நாளுக்கு ஒரு கோப்பு. 2024 ஜூலையில் என்எஸ்இ இதன் வடிவத்தையே மாற்றியது. அதற்கு முன் எழுதிய எக்செல் மேக்ரோ, பைத்தான் நிரல் எல்லாம் நெடுவரிசைப் பெயர் தெரியாமல் முழிக்கும். பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று இரண்டு வாசிப்பு முறை எழுதிக்கொள்ள வேண்டும்.

கூகுள் ஷீட்டில் உள்ள கூகுள்ஃபைனான்ஸ் சார்பு அவசரத்துக்கு நல்லது. அது தரும் பழைய விலையில் ஸ்பிளிட் சரிக்கட்டியிருக்கும், டிவிடெண்ட் சரிக்கட்டியிருக்காது.

எங்கிருந்து எடுத்தாலும் கூடவே, அந்தப் பங்கின் போனஸ், ஸ்பிளிட், டிவிடெண்டுகள் அடங்கிய ‘கார்ப்பரேட் ஆக்‌ஷன்’ பட்டியலையும் இறக்கிவிடுங்கள். அது இல்லாத விலைத்தரவு பாதி தரவுதான்.

எக்செல்லில் திறந்ததும் எல்லாம் குழம்புகிறது. ஏன்?

மூன்று இடத்தில் குழம்பும்.

தேதி: 03-04-2023 என்பதை ஏப்ரல் 3 என்று நாம் வாசிப்போம், கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் எக்செல் மார்ச் 4 என்று வாசிக்கும். 12-க்கு மேற்பட்ட நாட்களை அதனால் வாசிக்கவே முடியாது, அவற்றை எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நோய். கோப்பை நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், ‘டேட்டா’ பட்டியலில் போய் உள்ளிழுத்து, நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லிக் கொடுங்கள்.

காற்புள்ளி: 2,841.85 என்று வந்தால் சில நேரம் அது எண் இல்லை, எழுத்து. கூட்டினால் பூஜ்யம் வரும். காற்புள்ளிகளை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுங்கள்.

வரிசை: பல தளங்கள் புதிய தேதியை மேலே வைக்கும். ‘இந்தக் கட்டம் ÷ மேல் கட்டம் − 1’ என்று பழக்கத்தில் போட்டால் ஏற்றம் இறக்கமாகவும், இறக்கம் ஏற்றமாகவும் மாறிவிடும். முதல் வேலையாகப் பழையதை மேலே வைத்து அடுக்குங்கள்.

தரவில் ஓட்டை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்றைய க்ளோசிங் ÷ நேற்றைய க்ளோசிங் என்று ஒரு நெடுவரிசை போட்டு, 0.8-க்குக் கீழும் 1.2-க்கு மேலும் வருவதை மட்டும் வடிகட்டுங்கள். சாதாரணப் பங்குகளுக்கு ஒரு நாளின் அதிகபட்ச சர்க்யூட் 20 சதவீதம். எனவே வடிகட்டலில் சிக்குவது ஒன்று ஃபியூச்சர்ஸ் (முன்பேர ஒப்பந்தம்) உள்ள, நிலையான வரம்பு இல்லாத பங்கில் வந்த பெரிய செய்தி, அல்லது சரிக்கட்டாத கார்ப்பரேட் ஆக்‌ஷன். 0.5, 0.2, 0.1, 0.33, 0.67 பக்கத்தில் எண் நின்றால் இரண்டாவது என்று கண்ணை மூடிக்கொண்டு சந்தேகிக்கலாம். இலவசத் தளங்கள் ஸ்பிளிட்டைச் சரியாகப் பிடித்துவிட்டு, 2:1, 3:2 மாதிரி போனஸ்களைத் தவறவிடுவது சகஜம்.

இந்த வடிகட்டியில் சிக்கும் எண்களில் மிக விநோதமானது எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ். 2024 அக்டோபர் 29 அன்று 3.53 ரூபாயிலிருந்து 2,36,250 ரூபாய்க்குப் போனது, ஒரே நாளில் சுமார் 67,000 மடங்கு. தரவுப் பிழை இல்லை. புத்தக மதிப்பு பல லட்சம் இருந்தும் பங்கை விற்க ஆளில்லாமல் பழைய சில்லறை விலையிலேயே கிடந்தது. முதலீட்டு நிறுவனங்களுக்காக நடந்த விலைவரம்பில்லாத சிறப்பு ஏலத்தில் உண்மையான விலை வெளியே வந்தது. அன்று 3.53-க்கு வாங்கிக் கோடீஸ்வரர் ஆக வழியில்லை, அந்த விலைக்கு விற்க ஆள் இல்லை.

எம்ஆர்எஃப் பங்கு ஒன்று ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதுதான் நாட்டிலேயே பெரிய நிறுவனமா?

இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த டயர் நிறுவனம் பல பத்தாண்டுகளாக போனஸோ ஸ்பிளிட்டோ செய்யவில்லை. அதனால் 2023 ஜூனில் ஒரு பங்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1:1 போனஸ்களாகக் கொடுத்துக்கொண்டே வந்த இன்ஃபோசிஸ் மதிப்பில் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு பங்கின் விலை உயரமா குள்ளமா என்பது, பரோட்டாவை எத்தனை துண்டாக்கினார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும்.

வருட லாபத்தை எப்படிக் கணக்கிடுவது?

(கடைசி விலை ÷ முதல் விலை) என்பதை, (1 ÷ வருடங்கள்) என்ற அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழிக்க வேண்டும். 100 ரூபாய் 8 வருடத்தில் 300 ஆனால் 3-இன் 1/8 அடுக்கு, 1.147, அதாவது வருடம் 14.7 சதவீதம். 200 சதவீதத்தை 8-ஆல் வகுத்து 25 சதவீதம் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பது. நிஃப்டி 2020 ஜனவரி 14 அன்று 12,362-ல் முடிந்தது. மார்ச் 23 அன்று 7,610. இரண்டு மாதத்தில் 38 சதவீத இழப்பு. பழைய இடத்துக்கு வர 38 போதாது, 62 சதவீதம் ஏற வேண்டியிருந்தது. நவம்பரில்தான் வந்தது. இப்போது மார்ச் 23-ஐத் தொடக்கமாக வைத்து எந்தப் பங்கின் ஐந்து வருட லாபத்தைக் காட்டினாலும் கண்ணைப் பறிக்கும். ஜனவரி 14-ஐ வைத்தால் சாதாரணமாகத் தெரியும். விளம்பரங்களில் முந்தையதைத்தான் பார்ப்பீர்கள்.

இதற்கு மருந்து, ஒரே தேதியை நம்பாமல் ஒவ்வொரு மாத முடிவிலிருந்தும் ஐந்து வருட லாபத்தைக் கணக்கிட்டு அடுக்கிப் பார்ப்பது. பதினைந்து வருடத் தரவு இருந்தால் 120-க்கும் மேற்பட்ட விடைகள் கிடைக்கும். அதில் மிக மோசமானது எது, நடுவில் இருப்பது எது என்று பாருங்கள். சிறந்ததைப் பார்க்கவே தேவையில்லை, அதை வேறு யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

2018 ஜனவரி 31 விலையை ஆடிட்டர் கேட்கிறார். சார்ட்டிலிருந்து கொடுக்கலாமா?

வேண்டாம். இது கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டிய இடம்.

அந்தத் தேதி வரை வாங்கிய பட்டியலிட்ட பங்குகளுக்கு, அன்றுவரை ஏறிய லாபத்துக்கு வரி இல்லை. கணக்கு: அந்த நாளின் உச்ச விலை, விற்ற விலை இரண்டில் குறைந்ததை எடு. அதையும் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு அதிகமானதை அடக்கவிலையாக வை. கவனியுங்கள், க்ளோசிங் இல்லை, உச்ச விலை.

ஓர் உதாரணம். 2015-ல் 100 பங்கு, 400 ரூபாய். 2018 ஜனவரி 31 அன்று அசல் உச்சம் 1,200. 2020-ல் 1:1 போனஸ். இப்போது 200 பங்கையும் 900-க்கு விற்கிறீர்கள். சார்ட் அந்த நாளுக்கு 600 என்று காட்டும்.

சரியான கணக்கு: பழைய 100 பங்குக்கு 1,200, 900 இரண்டில் குறைந்தது 900. வாங்கிய 400-ஐவிட அதிகம், எனவே அடக்கம் 900, லாபம் பூஜ்யம். 2018-க்குப் பின் வந்த போனஸ் 100 பங்குக்கு அடக்கம் பூஜ்யம், லாபம் 90,000. மொத்தம் 90,000.

சார்ட்டின் 600-ஐப் பழைய பங்குக்குப் போட்டால் லாபம் 30,000 + 90,000 = 1,20,000. தண்டமாக 30,000-க்கு வரி. 200 பங்குக்குமே 600 என்று போட்டால் 60,000 லாபம்தான் வரும். இதில் நோட்டீஸ் வரும்.

அதே இடத்தில் போனஸுக்குப் பதிலாக 10 ரூபாய் பங்கு 5 ஆகப் பிரிந்திருந்தால் கதை வேறு. ஸ்பிளிட்டில் அடக்கவிலையும் பிரிந்து போகும், 200 பங்குக்குமே 600 சரி. சார்ட்டின் கண்ணில் போனஸும் ஸ்பிளிட்டும் ஒன்று, வரிச் சட்டத்தின் கண்ணில் இரண்டு. பகுதியாக விற்றால் டீமேட்டில் (பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் கணக்கு) முதலில் வந்த பங்கு முதலில் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம், வருடத்துக்கு முதல் 1.25 லட்சத்துக்கு விலக்கு.

தாத்தா காலத்துப் பங்குப் பத்திரம் கிடைத்திருக்கிறது. மெட்ராஸ் பங்குச்சந்தையில் மட்டும் இருந்த நிறுவனம். பழைய விலை எங்கே கிடைக்கும்?

மெட்ராஸ் பங்குச்சந்தை 2015-லும் கோயம்புத்தூர்ச் சந்தை அதற்கு முன்பே 2013-லும் மூடப்பட்டன. இணையத்தில் தினசரி விலையைத் தேடிப் பயனில்லை. பழைய நாளிதழ்களின் வணிகப் பக்கங்கள், நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் மாதவாரியான உச்சம்-தாழ்வு அட்டவணை, இவை இரண்டும்தான் வழி. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதற்கு அந்த நாளின் மதிப்பை அடக்கமாக எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வர்த்தக நாள் மார்ச் 30, வெள்ளி.

பெயர் தேடிக் கிடைக்கவில்லை என்றால் நிறுவனம் செத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பெயர் மாறியிருக்கலாம், இணைந்திருக்கலாம். சொமேட்டோ இப்போது எட்டர்னல். சத்யம் பங்கு 17-க்கு டெக் மஹிந்திரா 2 என்ற கணக்கில் 2013-ல் கரைந்தது. பங்கின் ஐசின் எண்ணை (ஒவ்வொரு பங்குக்கும் உரிய தனி அடையாளக் குறி) வைத்துத் தேடலாமே என்றால், முகமதிப்பு பிரியும்போது ஐசினும் மாறிவிடும். போனஸில் மாறாது.

இன்றைய நிஃப்டி 50 பங்குகளின் இருபது வருடத் தரவை வைத்து ஒரு உத்தியைச் சோதித்தேன், பிரமாதமாக வருகிறது. நம்பலாமா?

பிழைத்தவர்களை மட்டும் கூப்பிட்டு ‘யாருக்காவது ஆபத்து வந்ததா’ என்று கேட்டிருக்கிறீர்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. அன்று அது நிஃப்டியில் இருந்தது, சில நாட்களில் வெளியேற்றப்பட்டது. வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் 2021 ஜூனில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது பங்குதாரருக்குக் கிடைத்தது பூஜ்யம். இன்றைய பட்டியலில் இருவரும் இல்லை, எனவே உங்கள் சோதனையில் அந்த நஷ்டமும் இல்லை. அந்தந்த வருடத்தில் குறியீட்டில் யார் இருந்தார்கள் என்ற பட்டியலை எடுத்து, செத்த பங்குகளின் விலையையும் பாவ்காப்பியிலிருந்து சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். பிரமாதம் கொஞ்சம் வடியும்.

சனிக்கிழமை தேதியில் விலை இருக்கிறது. பிழையா?

பிழை இல்லாமலும் இருக்கலாம். 2024-ல் மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் மாற்றுக் கணினி மையத்தைச் சோதிக்கச் சந்தை சிறிது நேரம் திறந்தது. 2025-ல் பட்ஜெட் நாளான பிப்ரவரி 1 சனிக்கிழமை, முழு நாள் வர்த்தகம். தீபாவளி முகூர்த்த வர்த்தகம் ஒரு மணி நேரம்தான், ஆனால் தரவில் அதற்கும் முழு வரிசை உண்டு. வால்யூம் சராசரி எடுக்கும்போது இந்தக் குறுகிய வர்த்தக நாட்களை ஒதுக்கிவிடுங்கள், விலைத் தொடரில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரி 24 இன்னொரு கோணல் நாள்: காலை 11.40-க்கு என்எஸ்இயில் தொழில்நுட்பக் கோளாறால் வர்த்தகம் நின்று, மாலை 3.45 முதல் 5 மணி வரை மறுபடி நடந்தது. நிமிடவாரித் தரவில் அன்று நடுவில் நான்கு மணி நேரம் வெற்றாக இருக்கும். அதை முந்தைய விலையால் நிரப்பாமல் வெற்றாகவே விடுங்கள்.